தண்ணி நிக்காது

மழைக்காலம் வந்துவிட்டால் சென்னையில் எவரும் எவரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "உங்க பக்கம் தண்ணி நிக்குதா?" என்றுதான் கேட்பார்கள். நிற்கிறது என்றால் ஒரு உச்சுக்கொட்டல். நிற்கவில்லை என்றால், வாயில் சந்தோஷமும் வயிற்றில் எரிச்சலுமாக, "குடுத்து வச்சவங்க நீங்க" என்று ஒரு பாராட்டு. வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் இதே கதைதான். காற்று வருமா, வெளிச்சம் வருமா என்பதெல்லாம் அப்புறம். தண்ணி நிக்குமா நிக்காதா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

மதுமதி இந்தக் கேள்விக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். தி. நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தரைத்தள வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா பிழைக்க வந்த காலத்தில் பிடித்த வாடகை வீடு அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் சக்திவேல்தான் அவளுக்கு எல்லாம். தெருமுனையில் நைட்டிக் கடை வைத்திருந்தான். ஐப்பசி பிறந்தால் கட்டில் காலுக்கு நாலு செங்கல், ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஸ்டூல், அரிசி டப்பா பரணுக்கு. தண்ணீர் சத்தமே போடாமல் வரும். சாக்கடை மூடி வழியாக எட்டிப் பார்த்து, வாசற்படியைத் தொட்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுப்படியில் நிற்கும். நின்றது நின்றதுதான். போ என்றாலும் போகாது.

ஒரு வருஷம் அப்படி நின்றபோது மதினி ஜெயபாரதி நிறைமாசம். செங்கல்மேல் ஏற்றிய கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கீழே கறுப்புத் தண்ணீரில் யாரோ வீட்டுச் செருப்பு ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. "தண்ணி நிக்காத ஒரு வீட்டுல என் பிள்ளையக் கெடத்தணும். எனக்கு நகையும் வேண்டாம், நட்டும் வேண்டாம்" என்று மதினி அழுதாள். மதுமதிக்கு அந்த அழுகை மனசை விட்டுப் போகவே இல்லை.

அவள் படித்தாள், பரீட்சை எழுதினாள், அடையாறில் நகரமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நகரத்துக்கு வெளியே கிராமங்களில் வயலையும் தரிசையும் மனைகளாகப் பிரித்து விற்க நினைப்பவர்கள் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குத்தான் வருவார்கள். மதுமதி நேரில் போய் இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அப்புறம் ஒரு குழு கூடி அதைப் பரிசீலிக்கும். அனுமதி கிடைத்தால் கல் நடுவார்கள், கொடி கட்டுவார்கள், இலவச வேன் விட்டு ஜனங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அப்படித்தான் ஒரு பங்குனி மாசத்தில் செங்கல்பட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் புலிக்கொல்லைக்கு அவள் போனாள். மனைப்பிரிவின் பெயர் மயூரவனம். மயிலும் கிடையாது, வனமும் கிடையாது. மண்டையைப் பிளக்கும் வெயில். ஊர் ஏரி வறண்டு, அதற்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஏரிக்கரைக்குக் கீழே, லேசான சரிவில், பாய் விரித்தாற்போல் ஒரு பெரிய புல்தரை. அதைத்தான் பிரிக்கப் போகிறார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஏரியின் எல்லைக்கு வெளியே இருந்தது. வரைபடத்தில் ஓடை என்றோ வாய்க்கால் என்றோ ஒரு கோடுகூட இல்லை.

ஆனாலும் மதுமதி காகிதத்தோடு திருப்திப்படுகிற ரகம் இல்லை. விற்க வந்தவர்களை நிழலில் நிற்க வைத்துவிட்டுத் தனியாக நடந்துபோய் ஊர்க்காரர்களை விசாரித்தாள். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த ஷகீலாவைத்தான் முதலில் கேட்டாள்.

"ஏங்க, மழை பெஞ்சா அந்த நெலத்துல தண்ணி நிக்குமா?"

ஷகீலா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கயா? அங்க எங்கம்மா நிக்கும்? ஒரு சொட்டு நிக்காது."

"பெரிய மழை வந்தாலும்?"

"இன்னா மழ வந்தாலும் நிக்காது. அதெப்படி நிக்கும்?" என்று சொல்லிவிட்டு ஷகீலா சிரித்தாள். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்டபோது அவரும், "நிக்கவே நிக்காது தாயி" என்றார், அவர் வாயிலும் அதே சிரிப்பு.

ஏன் சிரிக்கிறீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பட்டணத்துப் பெண் வெயிலில் வந்து இப்படி விழுந்து விழுந்து விசாரிக்கிறாளே என்று சிரிக்கிறார்கள் என நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதே வாசகத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். கடும் மழையிலும் இவ்விடத்தில் தண்ணீர் தேங்குவதில்லை என்பதை ஊர் மக்களே உறுதி செய்தனர். அதை எழுதும்போது அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

குழுவின் தலைவர் சுந்தரராமன். மயிலாப்பூர்க்காரர், ஓய்வு பெறும் வயசு, கோபமே வராத மனுஷர். "பேஷ். எல்லாரும் கார்லேர்ந்தே எட்டிப் பார்த்துட்டு எழுதறா. நீங்க ஊர் ஜனங்களையே போய்க் கேட்டிருக்கேள்" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். மயூரவனம் அன்றைக்கே தேறிவிட்டது.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில், ஏதோ பேச்சுவாக்கில்தான் சொன்னாள். "அண்ணே, ஒரு எடம் பாத்துட்டு வந்தேன். என்ன மழை பெஞ்சாலும் தண்ணி நிக்காதாம்."

மதினி சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "எந்த ஊரு?"

"ஐயோ மதினி, ரொம்ப தூரம். தவிர, நான் அறிக்கை குடுத்த எடம். அங்க நாமளே வாங்குனா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"பேசட்டும். ஊர்ல எவன் வார்த்தைய நம்பி எடம் வாங்கச் சொல்லுத? விக்கிறவன் வார்த்தையவா?" என்றான் சக்திவேல். "நீ போய்க் கால் வச்சுப் பாத்த எடம். இதவிட நம்பி எங்க வாங்க முடியும்?"

மதுமதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அண்ணனும் மதினியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இலவச வேனில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். போகும்போது இருந்த முகம் வேறு, வரும்போது இருந்த முகம் வேறு. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவள் தடுக்கவில்லை. அவள் பெயரை எங்கேயும் சொல்லாமல், நாலு பேரைப் போல அவர்களும் பதிந்துகொண்டார்கள். கடைசி வரிசையில் மனை. ஏரிக்கரையைப் பார்த்த பக்கம், காற்றோட்டமாக இருக்கும் என்று மதினியே தேர்ந்தெடுத்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகை கடந்தும் ஏரியில் ஆடுதான் மேய்ந்தது. வீட்டு வேலை தடங்கலில்லாமல் நடந்தது. மறு வருஷம் ஆவணியில் கிரகப்பிரவேசம்.

அன்றைக்கு ஒரு சின்னக் காரியம் நடந்தது. வாசலில் கோலம் போடுவதற்காக மதினி ஒரு குடம் தண்ணீரை வீட்டின் பின்பக்கத்திலிருந்து கொண்டு வந்தாள். பின்கட்டில் கால் தடுக்கிக் குடம் சாய்ந்தது. கொட்டிய தண்ணீர் ஒரு இடத்தில் தங்கவில்லை. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் இறங்கி, வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மனைக்குள் போய்விட்டது. "பாத்தீங்களா, பாத்தீங்களா! நிக்கவே இல்ல!" என்று மதினி குழந்தை மாதிரி கை தட்டினாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மதுமதியும் சிரித்தாள். எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நிற்கவில்லையே, அது போதாதா?

வீட்டுக்குப் பின்னால் முதலில் கம்பிவேலிதான் இருந்தது. ஆவணிக்கு முன்னால்தான் மனை விற்ற நிறுவனத்தார் அதை எடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில் எழுப்பினார்கள். நாலு பக்கமும் மதில், கீழ்ப்பக்கம் ஒரே ஒரு கேட், அதில் ஒரு காவல்காரர். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மதில் இருந்தால்தான் மனசு நிற்கிறது. மதினிக்கும் ரொம்பத் திருப்தி. அதன்மேல் முல்லைக்கொடி ஏற்றிவிட்டாள். அவள் மகள், நாலு வயசு மஹதிக்கு அந்த மதில்தான் விளையாட்டுத் தோழி. சாக்பீஸால் அதில் அத்தை, மாமா, ஆட்டுக்குட்டி எல்லாம் வரைந்து வைத்திருந்தாள்.

அண்ணன் குடும்பம் போனதும் மதுமதி கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் விடுதிக்கு மாறிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மயூரவனம் போய்விடுவாள். வீட்டில் எங்கே தொட்டாலும் காய்ந்த வாசனை. அதை முகர்ந்தாலே அவளுக்கு நிம்மதி.

கார்த்திகை வந்தது. போன வருஷத்து பாக்கியையும் சேர்த்து வானம் ஊற்றியது. ஒரு காற்றழுத்தம் போய் இன்னொன்று, அது கரையைக் கடப்பதற்குள் மூன்றாவது. அந்த மழைக்கு நடுவில்தான் மயூரவனத்தின் இரண்டாம் பகுதிக்கான பரிசீலனைக் கூட்டம் வந்து மாட்டிக்கொண்டது. முதல் பகுதிக்கு மேலே, ஏரிக்கரை வரைக்கும் இருக்கும் மிச்ச நிலத்தையும் மனையாக்க வேண்டுமாம். இந்தத் தடவை ஊர்க்காரர்கள் சிலர் ஆட்சேபணை தெரிவித்திருப்பதால் அவர்களையும் அடையாறுக்கே வரச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் மதுமதி ஏறிய ஆட்டோ மயிலாப்பூர் குளத்தருகே தண்ணீரில் ஊர்ந்தது. "இன்னா மேடம், இன்னிக்கும் ஆபீஸா? ஊரே மெதந்துகினு கீது" என்று ஓட்டுநர் திட்டிக்கொண்டே வந்தார். அவளுக்கு உள்ளூரக் கவலையில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அண்ணன் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வீட்டுப் பின்கட்டில் மதிலோரம் மஹதி நிற்கிறாள், காலடியில் தரை காய்ந்து கிடக்கிறது. "இங்க மழை விட்டு வெயில் அடிக்கு. ஒரு சொட்டு நிக்கல. கடைக்கு லீவு. மதினி பஜ்ஜி போடுதா" என்று கீழே எழுதியிருந்தான். மதிலின் அடிப்பாகம் மட்டும், மஹதியின் தோள் உயரத்துக்கு, கறுப்பாக ஈரம் பூத்திருந்தது. மேற்பாகம் வெளுத்துக் காய்ந்திருந்தது. மதுமதி படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

கூட்டம் மதியத்துக்குத் தள்ளிப்போய், ஒருவழியாகத் தொடங்கியது. நிறுவனத்தின் சார்பில் அச்யுத் வந்திருந்தான். இளம் கட்டடக் கலைஞன், குரலே உயராத மரியாதைக்காரன். எதிர் வரிசையில், நனைந்த முக்காட்டைப் பிழிந்துகொண்டு, அந்த டீக்கடை ஷகீலா உட்கார்ந்திருந்தாள். கூட ரெண்டு பெண்கள். மதுமதியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு தலையை ஆட்டினாள்.

"சொல்லுங்கோம்மா, என்ன ஆட்சேபணை?" என்றார் சுந்தரராமன்.

"சார், வூடு கட்டிக்கோங்க, நாங்க வாணாங்கல. அந்தக் காம்பவுண்ட் சொவரு மட்டும் வாணாம். இனிமேட்டுக் கட்டக் கூடாது. கட்டினதையும் ஒரு எடத்துல தொறந்து வுடணும். தண்ணிக்கு வழி வோணும்ல?"

அச்யுத் மெல்ல எழுந்தான். "சார், அந்த இடத்துல தண்ணிப் பிரச்சனையே கிடையாது. இவங்க ஊர் ஜனங்களே சொன்னதுதான். முதல் பகுதிக்கான உங்க அலுவலக அறிக்கையிலயே இருக்கு. கடும் மழையிலும் தண்ணீர் தேங்குவதில்லை." படித்துவிட்டு மதுமதியின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தான். "மேடம் எழுதினது."

சுந்தரராமன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஷகீலாவைப் பார்த்தார். "ஏம்மா, தண்ணி நிக்காதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"ஆமா சார், நான்தான் சொன்னேன். இந்தம்மாதான் வந்து கேட்டாங்க. நிக்காதுதான். எப்படி நிக்கும்? ஏரி ரொம்பிச்சின்னா வழிஞ்சி அந்தப் புல்லு மேலதான எறங்கி ஓடும்? மனுசாள நிக்க வுடாது, எருமைய நிக்க வுடாது, தண்ணி மட்டும் நின்னுக்கினா இருக்கும்?"

குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதே சிரிப்பு. டீக்கடை பெஞ்சில் கேட்ட அதே சிரிப்பு. 

அடிப்பாவி, நிக்குமா என்று கேட்டாயே, ஓடுமா என்று கேட்டாயா? மதுமதி தன்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். எப்படிக் கேட்பாள்? ரங்கநாதன் தெருச் சந்தில் வளர்ந்தவளுக்கு வெள்ளம் என்றால் நிற்பது. வந்து, நின்று, நாறி, போக மறுப்பது. ஓடுகிற வெள்ளத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஊர்க்காரர்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லி, இதைப் போய் ஒருத்தி கேட்கிறாளே என்று சிரித்தும் காட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

ஷகீலா இன்னும் முடிக்கவில்லை. "இப்பத்தான் சார் நிக்குது. எங்க அத்தா காலத்துலேர்ந்து நிக்காத தண்ணி இப்ப நிக்குது. சொவருக்கு மேலண்ட, ஏரிப் பக்கம். நேத்து ஏரி ரொம்பிக்கிச்சு. காத்தால நாங்க கெளம்பறப்ப இடுப்பளவு. ஏறிக்கினே கீது. சொவரு ஒடஞ்சா அவங்க போவாங்க, ஒடையலன்னா தண்ணி திரும்பிக்கினு எங்க தெரு போவும். அதான் பயந்துகினு ஓடியாந்தோம்."

மதுமதி மேஜைக்கு அடியில் கைபேசியை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். மழை ஈரம் மேலிருந்து கீழே இறங்கும். இது கீழிருந்து மேலே ஏறியிருந்தது. வெயிலில் காய்ந்த சுவரில், மஹதியின் தோள் உயரத்துக்கு, நேர்கோடாக. சாக்பீஸ் ஆட்டுக்குட்டியின் கால்கள் கரைந்துபோயிருந்தன.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், என் அறிக்கை தப்பு."

கைபேசியை மேஜைமேல் எல்லாரும் பார்க்க வைத்தாள்.

"நான் கேட்ட கேள்வியே தப்பு சார். அது ஏரியோட வழி. அங்க நான் அனுமதி வாங்கிக் குடுத்திருக்கேன். அந்த மதிலை இப்பவே தொறக்கச் சொல்லணும், ஜனங்களை வெளிய கூப்பிடணும். கூட்டத்தை அப்புறம் வச்சுக்கலாம் சார்."

அச்யுத் பதறவில்லை. அவன் உண்மையாகவே குழம்பிப்போனவன் மாதிரிதான் பேசினான். "சார், மேடம் ஏதோ பயந்துட்டாங்க. மேடத்தோட அண்ணன் குடும்பமே அங்கதான் குடியிருக்கு. கடைசி வரிசை, மதிலை ஒட்டின வீடு. ஆபத்தான இடம்னா சொந்த அண்ணனை விட்டிருப்பாங்களா? எங்க சைட்டுக்கு வர்றவங்ககிட்ட நாங்க சொல்றதே இதுதானே. அறிக்கை எழுதின அதிகாரி வீட்டு ஆளுங்களே இங்க வாங்கியிருக்காங்கன்னு. அதைக் கேட்டுத்தான் பாதிப் பேர் வந்தாங்க."

 மதுமதியின் பெயர் எங்கேயும் வராது என்று அண்ணன் நினைத்தான். அது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இலவச வேனில் ஏறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தெருக்களில் கதவு திறந்து வைத்துப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் அவள் வார்த்தையை நம்பி வந்தவர்கள்.

"ஒக்காருங்கோம்மா" என்றார் சுந்தரராமன், மற்றவர் யாருக்கும் கேட்காத குரலில். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. "உங்க அண்ணா அங்க வாங்கினது எனக்குத் தெரியாது. இப்ப இது வேற மாதிரி ஆயிடும். வாயால தப்புன்னு சொன்னா எப்படி? எழுத்துல குடுங்கோ. அடுத்த கூட்டத்துல வச்சுப் பார்க்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தண்ணி அடுத்த கூட்டம் வரைக்கும் நிக்காது சார்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது.

கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு அண்ணே, எடு.

"என்ன பிள்ள, கூட்டம் முடிஞ்சுதா?" வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினான் சக்திவேல்.

"அண்ணே, மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அந்தப் பக்கமா? அது யாருக்குத் தெரியும்? எட்டிப் பாக்க முடியுமா அத?"

"அண்ணே, நான் சொல்றத மட்டும் கேளு. ஏன்னு கேக்காத. மதினியையும் பிள்ளையையும் கூட்டிட்டு இப்பவே வெளிய போ. கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் பக்கம் மேட்டுக்குப் போயிரு. போற வழியில எல்லார் கதவையும் தட்டு."

அவன் சிரித்தான். பாசமான சிரிப்பு. தங்கச்சி தனியாக விடுதியில் கிடந்து, மழையில் நனைந்து, என்னத்தையோ நினைத்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். "ஏட்டி, என்ன ஆச்சு ஒனக்கு? இங்க வெயில் சுள்ளுனு அடிக்கு. வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அங்க ஒனக்குத் தண்ணி நிக்குதா?"

"மஹதி எங்க?"

"பின்னாலதான் நிக்கா. மதில்ல காத வச்சுக்கிட்டு. உள்ள யாரோ பேசுதாங்களாம். காலையில இருந்து இதே வெளையாட்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்கா."

மதுமதி கத்தினாள். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஷகீலா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். "அண்ணே, பிள்ளையத் தூக்கு! மதில் பக்கத்துல இருந்து தூக்கு! தண்ணி வருதுண்ணே!"

 சக்திவேல் கேட்டான். கோபமாக இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. ஒன்றும் புரியாதவனாகத்தான் கேட்டான்.

"நீதான பிள்ள சொன்ன, இங்க தண்ணி நிக்காதுன்னு?"

"அண்ணே..."

"சரி சரி, அழாத. இரு, தூக்கிட்டு வாரேன்."

கைபேசியை ஜன்னல் திண்டில் வைத்திருப்பான். டக்கென்று ஒரு சத்தம். ரப்பர் செருப்பு பின்கட்டை நோக்கிப் போனது. எண்ணெய்ச் சட்டி இரையும் ஒலி கேட்டது. மதினி, "யாருங்க போன்ல, மதுவா? ஞாயித்துக்கெழம சீக்கிரமா வரச் சொல்லுங்க" என்றாள். தூரத்தில் அண்ணன் குரல், "மஹதிக்குட்டி, இங்க வா." குழந்தை ஏதோ பதில் சொன்னது. என்னவென்று கேட்கவில்லை.

மதுமதி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அடையாறில் மழை சட்டென்று ஓய்ந்தது. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நிற்கிற தண்ணீருக்குச் சத்தம் கிடையாது. ஓடுகிற தண்ணீருக்கு உண்டு. அதை மதுமதி அன்றைக்குத்தான், கைபேசிக்குள்ளிருந்து, முதல்முதலாகக் கேட்டாள்.